எத்தனை பவுண்டு பூஸ்ட்? ஸ்னோமொபைலுக்கு டர்போ கிட் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கனடாவின் எட்மன்டனிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். மலையில் ஓட்டுவதற்கென்று 850 சிசி டூ-ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி, நாங்கள் ஸ்லெட் என்போம்) ஒன்று வாங்கி இரண்டு குளிர்காலம் ஓட்டிவிட்டார். இப்போது இன்ஜினுக்குள் காற்றைக் கூடுதலாக அழுத்தித் தள்ளும் டர்போ போட வேண்டும். கொலராடோவில் ஒருவர் தன் கிட்டைக் கழற்றி விற்கிறாராம், விலையும் பாதிக்குப் பாதிதானாம். “அண்ணா, 8 பவுண்டு பூஸ்ட் தருதாம். அதுவும் பங்க்கில் போடுற 91 ஆக்டேன் பெட்ரோல்லயே. எடுத்துடவா?”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் நானும் ஒரு கொலராடோக்காரரிடம் கிட் வாங்கினேன். அதற்குப் பிறகு கால்கரியில் என் கராஜில் பதினோரு ஸ்லெட்டுக்கு டர்போ பூட்டியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதே கேள்விதான்: எத்தனை பவுண்டு?

ஹோஸ் கிளாம்ப்பைச் சரியாக இறுக்காமல் விடுவது, வேறு மாடலுக்கான கிட்டை வாங்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் நாளே கராஜில் தெரிந்துவிடும். எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றி, ஒரு மாதம் கழித்து இன்ஜினைத் தின்கிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

பூஸ்ட் எண்ணை மட்டும் பார்த்துக் கிட் வாங்குவது

கேஜில் தெரிகிற 8 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு அழுத்தம்) என்பது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் டர்போ கூடுதலாகத் தருவது. இன்ஜினுக்குள் போவது இரண்டும் சேர்ந்த மொத்தம். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. மேலே ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும். பிஸ்டன் தாங்குமா, பெட்ரோல் தாங்குமா என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த மொத்த அழுத்தம்தான். கேஜைப் பார்த்து முடிவெடுத்தால் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறோம்.

கொலராடோவில் ஸ்லெட்டை டிரக்கிலிருந்து இறக்குகிற இடமே உயரம். ராபிட் இயர்ஸ் கணவாய் 9,426 அடி. அங்கிருந்து இன்னும் மேலே ஏறித்தான் ஓட்டுகிறார்கள். 10,500 அடியில் வெளிக்காற்று ஏறக்குறைய 9.9 பி.எஸ்.ஐ. அதோடு 8 சேர்த்தால் 17.9. கடல் மட்டத்தில் வெறும் 3 பவுண்டு பூஸ்ட் போட்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். 91 ஆக்டேன் அங்கே தாராளமாகத் தாங்கும். விற்றவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

நான் ஓட்டுவது பிரிட்டிஷ் கொலம்பியாவில், ரெவல்ஸ்டோக் பக்கம். போல்டர் மலை, ஃபிரிஸ்பி ரிட்ஜ். மேலே போனால் 6,500 அடி, சில இடங்களில் அதற்கும் மேல். 6,500 அடியில் வெளிக்காற்று 11.5 பி.எஸ்.ஐ. அதே கிட், அதே 8 பவுண்டு, மொத்தம் 19.5. ஊர் இருக்கும் உயரமோ 1,600 அடிக்கும் கீழே. அங்கே வெளிக்காற்று 13.9, மொத்தம் 21.9. கொலராடோக்காரர் ஓட்டியதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் காற்று, ஆனால் கேஜ் முள் நிற்பது அதே 8-இல்.

ஏன் அங்கேயே நிற்கிறது? பூஸ்ட் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும் வால்வுதான் வேஸ்ட்கேட். சாதாரண வேஸ்ட்கேட்டுக்குள் ஒரு டயாஃப்ரமும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. டயாஃப்ரமின் ஒரு பக்கம் பூஸ்ட், மறுபக்கம் ஸ்பிரிங்கும் வெளிக்காற்றும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 8 ஆனதும் அது திறக்கும். உயரம் என்ன என்பது அதற்குத் தெரியாது. என் கிட்டோடு வந்த, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியும் அப்படித்தான். பூஸ்ட் எண்ணைப் பார்த்து, 8 என்றால் இவ்வளவு கூடுதல் பெட்ரோல் என்று கொடுக்கும். மலை உச்சியிலும் 8, பள்ளத்தாக்கிலும் 8, இரண்டுக்கும் ஒரே அளவு. பள்ளத்தாக்கில் கூடுதலாக வரும் காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாது. இதற்கு மேல் குளிர் வேறு. மைனஸ் 5 டிகிரிக்கும் மைனஸ் 25 டிகிரிக்கும் இடையில் காற்று ஏறக்குறைய 8 சதவீதம் அடர்த்தியாகிவிடும்.

மேலே ஓட்டிய முதல் நான்கு நாளும் ஒரு பிரச்சினையும் இல்லை. ஸ்லெட் பறந்தது. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது நாள் சாயங்காலம் கீழே இறங்கி வந்தபோது மைனஸ் 24. அடிவாரத்தில் மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட பாதை நேராக, காலியாகக் கிடந்தது. நண்பர்கள் இரண்டு பேர் முன்னால் போய்விட்டார்கள். நான் த்ராட்டிலை முழுக்க அழுத்தினேன். அரை நிமிடம்கூட இருக்காது. ஒரு முக்கல், பிறகு டிராக் (ஸ்லெட்டை ஓட்டும் ரப்பர் பட்டை) அப்படியே பிடித்துக்கொண்டது.

நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) சத்தம் முன்கூட்டியே கேட்டிருக்குமே என்று சிலர் கேட்பார்கள். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, எட்டாயிரம் சுற்றில் ஓடும் டூ-ஸ்ட்ரோக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறவருக்கு எதுவும் கேட்காது. தெரிய வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

நண்பர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். கராஜில் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் தலையில் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. டூ-ஸ்ட்ரோக்கில் இந்தச் சேதம் பிஸ்டனோடு நிற்காது. உருகிய அலுமினியம் கீழே கிராங்க் கேஸுக்குள் விழுந்து பேரிங்கில் ஏறும். வெளியே போனதோ எக்ஸாஸ்ட் வழியாக நேராக டர்போவைச் சுழற்றும் டர்பைனுக்குப் போகும். என் டர்பைன் சக்கரத்தின் இறக்கைகள் எலி கடித்தது போலிருந்தன. பிஸ்டன், சிலிண்டர், கிராங்க், டர்போ எல்லாம் போய்விட்டன. கிட்டுக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு செலவானது. அந்தக் குளிர்காலம் மொத்தமும் ஸ்லெட் கட்டையில் ஏறி நின்றது.

இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. கிட்டைப் பூட்ட உதவிய கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: “நீங்க எந்த உயரத்தில் ஓட்டுறீங்க?” அவர் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மலையடிவாரத்தில் டிரக்குகள் நிற்கிற இடத்தில் இப்போதும் பையன்கள் “உன்னோடது எத்தனை? என்னோடது 10” என்று பேசிக்கொள்வதைக் கேட்கிறேன். உயரத்தைச் சொல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

கம்பெனிக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்கி-டூ 2020 மாடலில் சம்மிட் 850 ஸ்லெட்டில் டர்போவைத் தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுத்தது. டூ-ஸ்ட்ரோக் ஸ்லெட்டில் அப்படி வந்தது அதுதான் முதல் முறை. டர்போ இல்லாத 850-க்குக் கடல் மட்டத்தில் இருக்கிற அதே 165 குதிரைத்திறனை 8,000 அடி வரை குறையாமல் காப்பாற்றுவதே அந்த டர்போவின் வேலை. டர்போ இல்லாவிட்டால் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் போய்க்கொண்டே இருக்கும். வெளிக்காற்றைப் படித்து, ஏறும்போது பூஸ்டைக் கூட்டி, இறங்கும்போது அதுவே குறைத்துக்கொள்கிறது. நல்ல கிட்களிலும் இன்று இந்த வசதி உண்டு. பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் பெட்டி மொத்த அழுத்தத்தைப் படிக்கிறதா, பூஸ்டை மட்டும் படிக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

கூடவே இன்னும் சிலவற்றையும் கேளுங்கள். இந்த 8 பவுண்டு எந்த உயரத்தில் ஓட்டியது? ஹெட் கம்பெனி ஹெட்டா, கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்றை அமுக்கும் அளவு) குறைத்ததா? வேஸ்ட்கேட் ஸ்பிரிங் எத்தனை பவுண்டு? பூஸ்டைக் குறைக்க நீங்கள் எவ்வளவு திருகினாலும், ஸ்பிரிங் அளவுக்குக் கீழே அது வராது. உங்களுக்கு 4 போதும் என்றால் 8 பவுண்டு ஸ்பிரிங் உதவாது. விளம்பரத்தில் போடும் குதிரைத்திறனுக்கும் இதே கேள்விகள்தான்: எந்த உயரத்தில், எந்தப் பெட்ரோலில்?

பெட்ரோல்

110 ஆக்டேன் ரேஸ் பெட்ரோல் கேட்கிற அளவுக்குப் பூஸ்ட் வைத்தால், அதை ஒவ்வொரு வாரமும் தேடிப் பிடித்துக் கேனில் சுமக்க வேண்டும். விமானத்துக்குப் போடும் 100 எல்.எல். பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் சென்சாரை அது கெடுத்துவிடும். கண்ணாக நம்புகிற கேஜே தப்பாகக் காட்டினால் என்ன செய்வீர்கள்? நான் ஓட்டுகிற உயரத்தில் பங்க் பெட்ரோல் தாங்குகிற பூஸ்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கிளட்ச்சைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

கிட் விலையைச் சொல்பவர்கள் கிளட்ச்சைப் பற்றிக் கடைசியில்தான் சொல்வார்கள். ஸ்லெட்டில் கியர் கிடையாது. முன் கிளட்ச்சில் சுழலும் வெயிட்கள் பெல்ட்டைப் பிடித்து இன்ஜின் சுற்றைக் கட்டுக்குள் வைக்கின்றன. டர்போ போட்டதும் இன்ஜினின் பலத்துக்கு முன்னால் பழைய வெயிட் போதாது. இன்ஜின் சக்தி தரும் சுற்றைத் தாண்டி ஓடும், பெல்ட் நழுவும், சூடாகும், கிழியும். கனமான வெயிட், அதற்கேற்ற ஸ்பிரிங், பின் கிளட்ச்சில் ஹீலிக்ஸ் என்ற சரிவுத் துண்டு, இவ்வளவும் வேண்டும். பிறகு அவற்றைச் சரிசெய்ய மலையில் இரண்டு மூன்று நாள் வேண்டும். ஒரு பையன் ஒரே நாளில் மூன்று பெல்ட்டைக் கிழித்துவிட்டு டர்போவைக் குறை சொன்னார். அவருடைய டர்போவில் ஒரு குறையும் இல்லை. முன் கிளட்ச்சில் சில கிராம் வெயிட் சேர்த்துக் கொடுத்தேன், அதற்குப் பிறகு பெல்ட் கிழியவில்லை.

பெரிய டர்போ

மரங்களுக்கு நடுவே ஓட்டும்போது த்ராட்டிலைத் தொட்டதும் பலம் வர வேண்டும். பெரிய டர்போ யோசித்துவிட்டு வரும். அது வருவதற்குள் மரம் வந்துவிடும்.

ஆயில் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விடுவது

காரில் இன்ஜின் ஆயில் சுற்றிவருவதால் டர்போவுக்கும் அதிலிருந்தே கொடுத்துவிடலாம். டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடு எரிந்துபோகிறது, சுற்றிவர எதுவும் இல்லை. அதனால் ஒவ்வொரு கிட்டும் ஒரு வழி வைத்திருக்கும். சிலவற்றில் தனி டேங்கும் மின் பம்பும் இருக்கும். ஏரோசார்ஜர் போன்ற டர்போக்கள் தன் ஆயிலைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும். எந்த வழியானாலும் மைனஸ் 30-இல் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பேரிங்குக்குப் போகிறதா, பம்ப் நின்றால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். விளக்கு எரியாத கிட்டில் நானே ஒரு விளக்கு வைத்துவிடுகிறேன்.

வாரன்டி

கிட் போட்டால் இன்ஜினுக்குக் கிடையாது என்று நினைத்துக்கொண்டே பணத்தைக் கொடுங்கள்.

களைத்த இன்ஜினில் போடுவது

முதலில் கம்ப்ரெஷன் பாருங்கள். பிறகு காற்றுக் கசிவு பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் இருந்தால், டர்போ பணத்தை முதலில் இன்ஜினுக்குச் செலவழியுங்கள்.

சூடும் பனியும்

மூடிக்குள் ஒரு டர்போ வந்துவிட்டால் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக், வயர், பெல்ட் எல்லாம் சூட்டை வாங்கும். சூட்டை வெளியேற்ற ஓட்டை போட்டால் அதே வழியாகப் பொடிப்பனி உள்ளே வரும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் முகத்தில் பனி அப்பிக்கொண்டால் உள்ளே போகும் காற்று சூடாகி, மறுபடியும் நாக்கிங். இடுப்பளவு பனியில் இந்தக் கிட் எப்படி நடந்துகொள்கிறது என்று அந்தப் பனியில் ஓட்டியவரிடம்தான் கேட்க வேண்டும். கராஜில் வைத்து எடுத்த வீடியோ எதையும் காட்டாது.

சரிவுகள்

முன்பு ஏற முடியாத சரிவிலெல்லாம் டர்போ ஏறும். 2010 மார்ச்சில் இதே போல்டர் மலையில் மலையேற்றப் போட்டி ஒன்றைப் பார்க்கக் கூடியிருந்தவர்கள் மேல் பனிச்சரிவு விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். பலர் காயப்பட்டார்கள். கிட் வாங்குகிற அதே மாதம் பனிச்சரிவுப் பயிற்சிக்கும் பெயர் கொடுங்கள். பீக்கன் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் ரேடியோ கருவி), மண்வெட்டி, பனிக்குள் குத்தித் தேடும் குத்துக்கோல் மூன்றும் உடம்போடும் பையோடும் இருக்கட்டும், ஸ்லெட் பெட்டியில் வேண்டாம். பனிச்சரிவில் ஸ்லெட் ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள்.

எட்மன்டன் தம்பியிடம் அன்று நான் வாங்காதீங்க என்று சொல்லவில்லை. மேலே எழுதிய கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்தேன். நேற்று இரவு பதில் வந்தது. விற்பவர் 10,200 அடியில் ஓட்டியிருக்கிறார். ஹெட் கம்பெனி ஹெட். ஸ்பிரிங் 7 பவுண்டு. பெட்டி பூஸ்டை மட்டும்தான் படிக்குமாம். “இப்ப என்ன அண்ணா செய்றது?” என்று கேட்டார். கம்ப்ரெஷன் குறைத்த ஹெட், சின்ன ஸ்பிரிங், மொத்த அழுத்தம் படிக்கிற பெட்டி, கிளட்ச் வெயிட், நான்கின் விலையையும் கிட் விலையோடு கூட்டிப் பார்க்கச் சொன்னேன். கூட்டிப் பார்த்தால் புதுக் கிட்டின் விலைக்கு நூறு டாலர்தான் குறைகிறது. சனிக்கிழமை கால்கரிக்கு வருகிறார், உட்கார்ந்து பேசப்போகிறோம்.