விடுதிப் பிள்ளையிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முறை

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து மட்டக்களப்பு நகர விடுதிக்கு வரும் பிள்ளை, முதல் தவணையில் தன் படுக்கையையும் நுளம்பு வலையையும் ஒழுங்காக வைக்கப் பழகினால் போதும். அடுத்தவரை நடத்தும் பொறுப்பு பிறகுதான்.

24 பேர் என்றால் ஆறு பேர் கொண்ட நான்கு குழுக்கள். வேலையும் நான்கு: பரிமாறல், கிணற்றடியும் கழிப்பறையும், படிப்பறை, முற்றம். வேலையைக் கிழமைக்கொருமுறை மாற்றுங்கள். குழுத் தலைவரை நான்கு கிழமைக்கொருமுறை. அப்போதுதான் அவர் எல்லா வேலையையும் ஒரு சுற்று நடத்திப் பார்ப்பார். ஞாயிறு மாலை 15 நிமிடம் கையளிப்பு: முடிந்தது, குறை, சுகமில்லாதவர் யார் என்று கொப்பியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பரிமாறல்தான் கடினம். முதலில் வருபவருக்கு அகப்பை நிறைய அள்ளினால் கடைசிப் பத்துப் பேருக்குக் கறி இராது. ஒரே கரண்டி, ஒரே அளவு; சின்னப் பிள்ளைகள் முதலில், தலைவர் கடைசியில்.

தலைவருக்குத் தண்டிக்கும் அதிகாரம் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் முழங்காலில் நிறுத்துவதும் தன் உடுப்பைத் தோய்க்கச் சொல்வதும் தொடங்கும். சின்னவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். இரண்டு தடவை சொல்லியும் கேட்காதவரின் பெயரை மேற்பார்வையாளரிடம் சொல்வதோடு தலைவரின் வேலை முடிந்தது. சின்னவர்கள் மேற்பார்வையாளரிடம் நேரே பேசவும் வழி இருக்க வேண்டும்.

மாரி மழையில் முற்றக் குழுவுக்கே பெரும் வேலை: சிரட்டை, பழைய ரயர், கூரைப் பீலி எல்லாவற்றிலும் தேங்கிய நீரை, நுளம்பு பெருகாமல், கிழமைக்கொருமுறையாவது அகற்ற வேண்டும்.

சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளையை அந்தத் தவணையில் தலைவராக்காதீர்கள்.