கியர்பாக்ஸுக்கு எந்த ஆயில்? 4-ஐ விட 5 உயர்ந்தது என்று எடுத்து ஊற்றிவிடாதீர்கள்

ஸ்பேர்ஸ் கடையில் போய் "90 ஆயில் ரெண்டு லிட்டர் குடுங்க" என்று கேட்டால், கைக்கு எட்டுகிற டப்பாவை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். டப்பாவின் முகப்பில் 80டபிள்யூ-90 என்று பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலியக் கழகம்) ஜிஎல்-4 என்றோ ஜிஎல்-5 என்றோ சின்ன எழுத்தில் இருக்கும். பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டுச் சின்ன எழுத்தை விட்டுவிடுவதுதான் முதல் தவறு. கியர்பாக்ஸைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன எழுத்துதான்.

4, 5 என்பவை தர வரிசை அல்ல, வேலைப் பிரிவு. ஜிஎல்-5 என்பது பின் ஆக்ஸில் ஹவுசிங்கில் (பின்சக்கர அச்சின் கூட்டில்) இருக்கும் கிரவுன்–பினியன் பற்சக்கரங்களுக்காக வந்தது. அங்கே ஹைபாய்டு எனப்படும், அச்சு விலகி அமைந்த வளைவுப் பற்கள் ஒன்றோடொன்று உருள்வதோடு, கடும் அழுத்தத்தில் நீளவாக்கில் உரசிக்கொண்டும் போகும். அந்த உரசலில் ஆயில் படலம் கிழிந்துவிடும். அப்போது எஃகைக் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் கந்தக–பாஸ்பரஸ் சேர்மங்கள். சூட்டில் அவை எஃகோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து, பல்லுக்குப் பதிலாகத் தாங்கள் தேய்ந்துபோகும். ஜிஎல்-4-ல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஜிஎல்-5-ல் உண்டு.

கியர்பாக்ஸின் பிரச்சினை வேறு. 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் போகிற காரை இரண்டாவதுக்கு இறக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை இரண்டாவது கியர் சக்கரம் பூட்டாமல் தனியே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஷாஃப்டின் வேகம் ஒன்று, அதன் வேகம் இன்னொன்று. லீவரைத் தள்ளியதும் ஒரு பித்தளை வளையம் அந்த கியரின் கூம்புக் கழுத்தில் போய் அமுங்குகிறது. இதுதான் சின்க்ரோ ரிங். கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தால் அதன் உட்புறத்தில் மரை போட்டதுபோல நெருக்கமான வரிகள் தெரியும். அந்த வரிகள் ஆயில் படலத்தை வெட்டி ஒதுக்கினால்தான் வளையம் கூம்பைப் பிடிக்கும். பிடித்தால்தான் வேகம் சமமாகும், சமமான பிறகுதான் ஸ்லீவ் (கியரை ஷாஃப்டோடு பூட்டும் உறை) நகர்ந்து பல்லில் பூட்டும். எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

ஆக, இந்த ஆயில் பற்களில் வழுக்க வேண்டும், வளையத்தில் பிடிக்கவும் விட வேண்டும். ஜிஎல்-5 வளையத்தின் பிடிப்பைத் தளர்த்திவிடும். வேகம் சமமாவதற்கு முன்பே பல் முட்டுவதால் 'கரக்' என்று கடிக்கும். இன்னொரு கேடும் உண்டு. கந்தகம் பித்தளையின் மேலும் படியும். படிகிற பூச்சு பித்தளையை விடக் கெட்டியானது, அதனால் உரியும்போது பித்தளையின் மேல்தோலையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டே போகும். இந்தச் சேதம் ஒரு நாளில் தெரியாது. வரிகள் மழுங்கிய பிறகுதான் தெரியும். அப்போது சரியான ஆயிலுக்கு மாறினாலும் தேய்ந்த வளையம் வளராது. பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

"ஜிஎல்-4/ஜிஎல்-5 இரண்டுக்கும்" என்று போட்டிருக்கும் டப்பாக்கள் குறித்துக் கவனம் தேவை. அவற்றில் பெரும்பாலானவை சேர்மங்களின் அளவில் ஜிஎல்-5 ஆயில்களே. தயாரிப்பாளரின் தகவல் தாளில் சின்க்ரோனைசர் உள்ள கியர்பாக்ஸுக்கு ஏற்றது என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்கலாம். பித்தளையில் செம்பு இருப்பதால், செம்பு அரிப்புச் சோதனையின் முடிவு அதே தாளில் இருந்தால் அதையும் பாருங்கள். 1ஏ, 1பி என்றால் செம்பு ஏறக்குறைய நிறம் மாறவில்லை என்று பொருள். 3 என்றால் நன்றாகக் கறுத்திருக்கிறது. ஜிஎல்-5-க்கு 3 வரை அனுமதி உண்டு.

ஒரே வண்டியில் இரண்டு ஆயில் வருவதும் குழப்பத்துக்குக் காரணம். பொலிரோ, ஓம்னி மாதிரி பின்சக்கர இழுவை வண்டிகளில் கியர்பாக்ஸ் முன்னால் தனி, ஹவுசிங் பின்னால் தனி. ஒரே டின்னை வாங்கி இரண்டிலும் ஊற்றுகிற பழக்கத்தால் எத்தனையோ பாக்ஸ்கள் கெட்டிருக்கின்றன. ஹவுசிங்கில் ஜிஎல்-4 ஊற்றுவதும் அதே அளவு தவறு, கிரவுன் பல் அரிபடும். ஸ்விஃப்ட், ஐ10 போன்ற முன்சக்கர இழுவை கார்களில், சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃப்ரன்ஷியல் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அங்கே இருப்பது ஹைபாய்டு அல்ல, சாய்வெட்டுப் பற்கள். அதனால் ஒரே ஆயில் போதும். ஜப்பானின் சுபாரு கார்களில் கதை மாறும். முன் டிஃப்ரன்ஷியலின் ஹைபாய்டு பற்களும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில் ஓடுவதால் கம்பெனியே ஜிஎல்-5 கேட்கிறது. பொது விதி எதுவானாலும், கடைசிச் சொல் வண்டியோடு வந்த கையேட்டினுடையதுதான்.

அடுத்தது ஆயில் எவ்வளவு கெட்டி என்பது, அதாவது டப்பாவில் பெரிய எழுத்தில் இருக்கும் எண். "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்" என்று 85டபிள்யூ-140 ஊற்றுகிறார்கள். டிராக்டருக்கும் பழைய லாரிக்கும் சரியான அந்த ஆயில், சின்ன காரின் பாக்ஸில் காலையில் பாகு மாதிரி நிற்கும். சின்க்ரோ ரிங்கால் அந்தப் படலத்தை வெட்ட முடியாது, முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியர் விழாது. ஊட்டிக் குளிரில் இது இன்னும் மோசம். 75டபிள்யூ, 80டபிள்யூ என்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கான எண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இரவு முழுக்க நின்ற வண்டியின் ஆயில் நம் ஊரிலும் ஆறித்தான் இருக்கும். ஆறிய நிலையில் எளிதாக ஓடுவதில்தான் 75டபிள்யூ-90-க்கும் 80டபிள்யூ-90-க்கும் வித்தியாசம். சூடான பிறகு இரண்டும் ஒன்றுதான்.

75டபிள்யூ-80 கேட்கிற பாக்ஸில் 90 ஊற்றுவதும் வேண்டாம். எஞ்சின் ஆயில் எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்பவும் வேண்டாம். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். கியர் ஆயிலின் 90, சூட்டில் எஞ்சின் ஆயிலின் 40-க்கும் 50-க்கும் பக்கத்தில்தான் வரும். ஹோண்டா தன் மேனுவல் பாக்ஸ்களுக்கு எம்டிஎஃப் என்று தனி ஆயில் வைத்திருக்கிறது. 90-ஐ விட அது நல்ல மெலிது. அதில் '90 ஆயில்' ஊற்றினால் முதல் நாளே கியர் இறுகும்.

ஏஎம்டி கார் (கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் கார்) வைத்திருப்பவர்களுக்கு: கிளட்ச் பெடல் இல்லை என்பதற்காக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கியரை மாற்றிக் கொடுக்கும் ஆக்சுவேட்டர் ஹைட்ராலிக் வகை என்றால் அதற்கு வேறு ஆயில், வேறு டேங்க்.

சரியான ஆயிலை வாங்கிவிட்டுத் தவறாக ஊற்றுவதும் உண்டு. ஆயிலை வடிக்கிற ட்ரெயின் போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஊற்றுகிற ஃபில்லர் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேலே உள்ள போல்ட் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால் காரை அங்கிருந்து நகர்த்தவே முடியாது. பத்து நிமிடம் ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்கிய பிறகு வடியுங்கள். ட்ரெயின் போல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் பயமில்லை, துடைத்துவிடுங்கள். நகத்தில் தட்டுப்படுகிற சில்லு இருந்தால் அது பல்லிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்தது. டீசல் விட்டுக் கழுவுவது வேண்டவே வேண்டாம். உள்ளே தங்குகிற டீசல் புது ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். பாக்ஸ் அலுமினியம் என்பதால் பலம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

முன்சக்கர இழுவைச் சின்ன கார்களுக்குப் பொதுவாக 1.5 முதல் 2.5 லிட்டர் வரை பிடிக்கும். நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்க, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு ஆயில் மெல்ல வழிய ஆரம்பிக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பார்க்கிற லெவல் பொய் சொல்லும். லெவல் போல்ட் இல்லாத பாக்ஸ் என்றால் கையேட்டில் உள்ள அளவை அளந்து ஊற்றுங்கள். கூடினால் நுரைத்து சீல் வழியே கசியும். இன்புட் ஷாஃப்ட் சீலைத் தாண்டினால் கிளட்ச் பிளேட் நனைந்து வழுக்கும். குறைந்தால் பல பாக்ஸ்களில் கடைசி மூடிக்குள் இருக்கும் ஐந்தாவது கியர்தான் முதலில் காயும். நெடுஞ்சாலையில் ஐந்தாவதில் மட்டும் இரைச்சல் கேட்டால் முதலில் லெவலைப் பாருங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு, இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது என்ற கணக்கெல்லாம் கிடையாது. சூடான பாக்ஸ் தண்ணீரில் சட்டென்று ஆறும்போது பிரீதர் (காற்று போய்வரும் சிறு துளை) வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். ஃபில்லர் துளையில் விரலை விட்டுப் பாருங்கள். பால் கூடிய டீ நிறத்தில் வந்தால் அந்த ஆயிலில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் மாற்றுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை மாற்றிவிட்டால் பேரிங் துருவிலிருந்து தப்பும்.