ஸ்டேட்டிக் ரூட் போட்டும் வேலை செய்யவில்லையா? திரும்பி வரும் வழியைப் பாருங்கள்

இன்டர்நெட் கொடுக்கும் ரவுட்டர் 192.168.1.1-ல் இருக்கிறது. கேமராவும் சர்வரும் தனி நெட்வொர்க்கில் இருக்கட்டும் என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி, அதன் முன்பக்கத்துக்கு 192.168.1.2, பின்பக்கத்துக்கு 192.168.10.1 என்று வைக்கிறீர்கள். அதில் டீஃபால்ட் கேட்வே (தனி வழி தெரியாத எதையும் தள்ளிவிடும் முகவரி) 192.168.1.1 என்று கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு.

சர்வரிலிருந்து கிளம்பும் பாக்கெட் (தகவல் துண்டு) முதல் ரவுட்டர் வரை ஒழுங்காகப் போய்விடும். ஆனால் 192.168.10.0 எங்கே இருக்கிறது என்று அந்த ரவுட்டருக்கு யாரும் சொல்லவில்லையே! தெரியாத முகவரியை எல்லாம் அது இன்டர்நெட் பக்கம்தான் தள்ளும், பதில் அங்கேயே தொலைந்துவிடும். அதனால் முதல் ரவுட்டரிலும் ஒரு ஸ்டேட்டிக் ரூட், அதாவது இந்த நெட்வொர்க்குக்கு இந்த வழியாகப் போ என்று நாமே எழுதி வைக்கும் குறிப்பு, வேண்டும்: நெட்வொர்க் 192.168.10.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.2. இந்தக் கேட்வே இடத்தில் 192.168.10.1 என்று போடாதீர்கள். அடுத்த ஹாப் (பாக்கெட்டை அடுத்து வாங்கிக்கொள்ளும் ரவுட்டர்) எப்போதும் தன்னோடு நேரடியாக ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் முகவரியாக இருக்க வேண்டும், 192.168.10.1-க்கு எப்படிப் போவது என்பதே அந்த ரவுட்டருக்குத் தெரியாதபோது அதன் வழியாகப் போ என்றால் எப்படிப் போகும்?

இரண்டாவது ரவுட்டரில் நாட் (NAT, உள்ளே இருப்பவர்களின் முகவரியை ரவுட்டரின் சொந்த முகவரியாக மாற்றி அனுப்புவது) ஓடிக்கொண்டிருந்தால் இந்த ரூட் இல்லாமலே சர்வருக்கு இன்டர்நெட் கிடைத்துவிடும். பலர் ஏமாறுவது இங்கேதான். வெளியே போக முடிகிறதே தவிர, 192.168.1.0-ல் இருக்கும் கம்ப்யூட்டர் அந்தச் சர்வரைத் தொட முடியாது.

சரி, இரண்டு பக்கமும் ரூட் போட்டாயிற்று, நாட்டையும் நிறுத்தியாயிற்று, பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனை) போகிறது, ஆனால் எஸ்எஸ்ஹெச் (SSH, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் இணைப்பு) தொங்குகிறது. ரொம்பக் குழப்பும் கேஸ் இது. உங்கள் கம்ப்யூட்டர் பாக்கெட்டை முதல் ரவுட்டருக்குக் கொடுக்க, அது இரண்டாவதற்குக் கொடுக்கிறது. பதிலோ இரண்டாவது ரவுட்டரிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் இரண்டும் ஒரே 192.168.1.0-ல்தானே இருக்கின்றன. முதல் ரவுட்டரின் ஃபயர்வால் இந்த உரையாடலில் ஒரு பாதியை மட்டும் பார்த்து, அரைகுறை இணைப்பு என்று வெட்டிவிடும். இதற்கு நல்ல தீர்வு, இரண்டு ரவுட்டருக்கும் நடுவில் கம்ப்யூட்டர்கள் யாரும் இல்லாத ஒரு சின்ன /30 நெட்வொர்க் (இரண்டு முகவரிக்கு மட்டும் இடமுள்ளது) வைப்பது. அது முடியாவிட்டால், கம்ப்யூட்டரிலேயே அந்த ரூட்டைப் போட்டுவிடுங்கள்.

விண்டோஸில் route கட்டளையால் போடும்போது மைனஸ் பி (-p) சேர்க்க மறந்தால் ரீஸ்டார்ட் ஆனதும் ரூட் போய்விடும். லினக்ஸிலும் டெர்மினலில் அடித்தது மட்டும் நிற்காது, நெட்வொர்க் கான்ஃபிக் ஃபைலில் எழுத வேண்டும்.

இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வரில் இரண்டுக்குமே டீஃபால்ட் கேட்வே கொடுப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று போனால் இன்னொன்று என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், ஆனால் கேட்வேக்கு அப்பால் லைன் செத்துப்போனால் அது தானாக மாறும் என்ற உத்தரவாதம் எதுவும் கிடையாது. இன்டர்நெட் பக்கத்துக்கு மட்டும் கேட்வே கொடுங்கள், மற்ற கார்டுக்குத் தேவையான ஸ்டேட்டிக் ரூட் போதும்.

அப்புறம், டிஹெச்சிபி (DHCP, கம்ப்யூட்டர்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் முறை) ஆப்ஷன் 121 மூலம் எல்லாருக்கும் ரூட் அனுப்புகிறவர்கள் அதிலேயே 0.0.0.0/0-வையும், அதாவது டீஃபால்ட் ரூட்டையும், சேர்த்துவிடுங்கள். 121 வந்துவிட்டால், ஆப்ஷன் 3-ல் வழக்கமாக வரும் டீஃபால்ட் கேட்வேயைக் கிளையன்ட் (முகவரி வாங்கும் கம்ப்யூட்டர்) கண்டுகொள்ளக் கூடாது என்பதுதான் விதி. சேர்க்காவிட்டால் புது ரூட் வேலை செய்யும், இன்டர்நெட் நின்றுவிடும்.