சாப்பாடு சேர்ந்த ஹொட்டலா, குசினியுள்ள வீடா?

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணப் பக்கம் ஊருக்கு இரண்டு கிழமை போகிறவர் முதலில் எண்ண வேண்டியது சாப்பாட்டு வேளையை. காசுக் கணக்கு பிறகு. 14 நாளுக்கு 42 வேளை. அதில் எத்தனை வேளை சொந்தக்காரர் வீட்டில் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மாமி வீடு, சித்தப்பா வீடு, புதுமனை புகுந்த மச்சாள் வீடு. தேத்தண்ணியோடு எழும்பி வந்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். பத்து வீடு என்றால் பத்து மதியச் சாப்பாடு.

மூன்று வேளைக்கும் முற்பணம் கட்டும் ஃபுல் போர்டில் அந்தப் பத்தும் தண்டம். உண்ணாத வேளைக்கு யாரும் காசு திருப்பித் தருவதில்லை. யாழ்ப்பாண நகரில் தங்க, காலைச் சாப்பாடு மட்டும் சேர்ந்த அறை பெரும்பாலும் போதும். ஹாஃப் போர்ட் என்றால் இரண்டாவது வேளை வழக்கமாக இராச்சாப்பாடு. அழைப்புகள் மதியத்துக்கே வருவதால் அது பொருந்திப்போகும். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி கிடந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் 18 சதவீத வற் வரியும் இன்னும் ஏறவில்லை என்று பொருள். வான் சாரதி எங்கே படுப்பார், எங்கே சாப்பிடுவார் என்பதையும் அப்போதே கேளுங்கள். நீங்கள் அறைக்குக் கட்டுகிற காசில் அவர் சேர்த்தி இல்லை.

வீடு எடுப்பதென்றால் "குசினி இருக்கு" என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். கேத்திலும் மைக்ரோவேவும் வைத்த மூலைக்கும் அதே பெயர்தான். அடுப்பு எத்தனை, காஸ் சிலிண்டர் 12.5 கிலோவா 5 கிலோவா, காஸ் தீர்ந்தால் மாற்றித் தருவது யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். திறப்பு கைக்கு வந்த அன்றே சிலிண்டரை நிறுங்கள். வெற்று எடை அதிலேயே பொறித்திருக்கும், கழித்தால் மிச்சம் தெரியும். தராசு இல்லையா, ஈரத்துணியால் மேலிருந்து கீழே துடைத்துவிட்டுப் பாருங்கள். உள்ளே திரவம் நிற்கிற மட்டத்துக்குக் கீழே ஈரம் காயப் பிந்தும்.

திருவலை, இடியப்ப உரல், நீத்துப்பெட்டி இருக்கிறதா என்று கேட்கும்போது பெரிய பானையையும் கேளுங்கள். வாடகை வீட்டில் கிடப்பது நாலு பேருக்கான சட்டி. வீடு எடுத்திருக்கிறீர்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் நாலு பேர் பத்தாகும். ஆளுக்கு 100 முதல் 125 கிராம் அரிசி போட்டால் ஒரு கிலோ எட்டு முதல் பத்துப் பேருக்குக் காணும். சமைக்க ஒருவரைப் பிடித்தால் சம்பளத்தையும் சந்தைக் காசையும் தனித்தனியே கொடுங்கள்; கலந்தால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. ஒருவரையும் பிடிக்கவில்லையென்றால் இது யாருடைய லீவு என்று மனைவியிடம் கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

தண்ணீரில் கவனம். குடாநாட்டுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடும் உரம் அதனூடாக இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கப் போத்தல் தண்ணீர்தான். கரண்ட் போனால் மோட்டரும் நின்றுவிடும் என்பதால் விடிந்ததும் தாங்கியை நிரப்பி வைத்துவிடுங்கள்.

இனி ஓல் இன்க்ளூசிவ், அதாவது சாப்பாடும் குடிவகையும் எல்லாம் சேர்த்து முன்பே காசு கட்டுவது. கிழக்கே பாசிக்குடா, நிலாவெளி, தெற்கே பெந்தோட்டை போன்ற கடற்கரைகளுக்குரிய ஏற்பாடு அது. கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதி. மார்கழி லீவுக்கு வருகிறவர் வடகீழ்ப் பருவமழைக்குள் வந்து மாட்டுகிறார்: கடற்கரைக்குக் காசு கட்டி, கண்ணாடிக்குள்ளிருந்து மழை பார்க்கலாம். மதுவுக்கும் சேர்த்துக் கட்டுகிறவர் நாட்காட்டியில் போயாவை (பௌர்ணமி விடுமுறையை) பார்க்கட்டும், அன்று மது விற்பனைக்குத் தடை.

மழையையும் போயாவையும் பொறுக்கலாம். காசு கட்டினவர் என்பதற்கு அடையாளமாக ஹொட்டல்காரர் கையில் கட்டிவிடுகிற பட்டிதான் வில்லங்கம். பட்டி இல்லாதவருக்கு ஒரு மிடறு குளிர்பானமும் உங்கள் கணக்கில் விழும். பார்க்க வருகிறவரின் பெயரை முதல் நாளே வரவேற்பில் கொடுத்து, பகல் விருந்தாளிக்கு என்ன கட்டணம் என்று கேட்டு, வாசல் காவலாளியின் தாளில் அந்தப் பெயர் ஏறிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். ஏறாவிட்டால் நடப்பது இது. எழுபது வயதுப் பெரியம்மா விடியப்புறம் எழும்பிக் கணவாய்க் கறி வைத்து, தூக்குச்சட்டியோடு இரண்டு பஸ் மாறி வந்து வெயிலில் நிற்பா. வெளிச்சாப்பாடு உள்ளே விடுவதில்லை என்று காவலாளி சொல்வான். அது விதி, அவனைக் கோபித்துப் பயனில்லை. நீங்கள் போனை அறையில் போட்டுவிட்டு நீச்சல் தடாகத்தில் இருப்பீர்கள். விமானம் ஏறின அன்று உங்களுக்குச் சோற்றுப் பொதி கட்டித் தந்த கை அது. "பரவாயில்லை மோனை, நீ சாப்பிட்டனிதானே" என்பா. அதற்குச் சொல்லப் பதில் இராது. அத்தனை மணித்தியாலம் வெக்கையில் கிடந்த கறியைப் பிறகு சாப்பிடவும் முடியாது.

ஆகவே கடற்கரையைப் பயணக் கடைசிக்குத் தள்ளி, வீடு வீடாகப் போய் முடிந்தபின் இரண்டு இரவு மட்டும் போடுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பாசிக்குடாவுக்கு ஒரு பகல் பயணத்திலேயே போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள். பெரியம்மாவையும் வானில் ஏற்றுங்கள். பல விடுதிகளில் உள்ளூர்வாசிகளுக்கு விலை குறைவு, ஆகவே அவவின் அறையை அவவின் அடையாள அட்டையைக் காட்டித் தனியாகப் பதியுங்கள். கீழ்த்தளம் கேளுங்கள், முழங்கால் நோவு. அவவுக்கும் ஒரு பட்டி.