டர்போ ரோட்டரி கார் மிஸ் அடிக்கிறதா? கோளாறு ஸ்பார்க்கிலா பெட்ரோலிலா என்று கண்டுபிடிப்பது எப்படி

ரோட்டரி இன்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் இன்ஜின்) மிஸ் அடிக்க, அதாவது இடையிடையே எரியாமல் விட்டு உதற ஆரம்பித்ததும் பலர் செய்வது என்ன? நான்கு பிளக்கையும் மாற்றுவார்கள். சரியாகவில்லையா, பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயிலை மாற்றுவார்கள். அப்புறம் இன்ஜெக்டர், அப்புறம் பம்ப். காசு போவதைக்கூட விடுங்கள். பெட்ரோல் பற்றாமல் வருகிற மிஸ்ஸிங்கை ஸ்பார்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாகம் மாற்றிய பிறகும் முழு பூஸ்டில் (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தத்தில்) மிதித்துப் பார்த்தால், நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்து ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் உடைந்துவிடும். பிறகு இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டியதுதான். அதனால் காரணம் தெரியும்வரை பூஸ்ட் ஏறுகிற அளவுக்கு மிதிக்காதீர்கள்.

உதாரணத்துக்கு மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி காரை எடுத்துக்கொள்கிறேன். 1991 இறுதியில் வந்து 2002 வரை தயாரிப்பில் இருந்த மாடல், உள்ளே 13பி-ஆர்இடபிள்யூ இன்ஜின், ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ. மற்ற டர்போ ரோட்டரிகளுக்கும் தேடும் முறை இதேதான்.

தெரிந்திருக்க வேண்டிய அமைப்பு

இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். வேலையில் பெரும்பங்கு லீடிங்குடையது. ஐட்லிங்கில் அது அடித்து சுமார் 15 டிகிரி கழித்து டிரெய்லிங் அடிக்கும். இரண்டு லீடிங் பிளக்குக்கும் சேர்த்து ஒரே காயில், டிரெய்லிங்குக்குத் தனித்தனியாக இரண்டு. ஆகவே ஒரு டிரெய்லிங் செத்துப்போனாலும் ஐட்லிங்கில் பெரிதாகத் தெரியாது, பிக்கப் மட்டும் கொஞ்சம் மந்தமாகும். லீடிங்கில் கோளாறு என்றால் உடனே தெரிந்துவிடும்.

பெட்ரோல் பக்கம், ரோட்டருக்கு ஒரு பிரைமரி இன்ஜெக்டர், ஒரு செகண்டரி. ஃபேக்டரியில் வருவது முறையே நிமிடத்துக்கு 550 சிசி, 850 சிசி தெளிக்கும் அளவுகள். லோடு குறைவாக இருக்கும்போது பிரைமரி மட்டும் தெளிக்கும், லோடு ஏறினால் செகண்டரியும் சேர்ந்துகொள்ளும்.

முதல் படி: எப்போது மிஸ் அடிக்கிறது?

கருவியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடானபிறகா, ஐட்லிங்கிலா ஓட்டத்திலா, எந்த ஆர்பிஎம், எவ்வளவு பூஸ்ட். ஐட்லிங்கிலேயே உதறுகிறது என்றால் லீடிங் ஸ்பார்க், பிரைமரி இன்ஜெக்டர், காற்றுக் கசிவு, கம்ப்ரெஷன் இந்த நான்கைச் சுற்றித்தான் இருக்கும். பூஸ்டில் மட்டும் என்றால் பலவீனமான ஸ்பார்க், அல்லது பெட்ரோல் அழுத்தம் விழுவது. 3000 ஆர்பிஎம் பக்கம் மட்டும் தயங்கி, அதைத் தாண்டியதும் சரியாகிவிடுகிறது என்றால் எஃப்டி வைத்திருப்பவர்களுக்கு அது பழக்கமான தொல்லை; எதையும் மாற்றுவதற்கு முன்னால் எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள்.

மிஸ்ஸிங் மாதிரியே தெரிந்து ஏமாற்றுகிற இரண்டு விஷயங்களையும் இங்கேயே கழித்துவிட வேண்டும். 4500 ஆர்பிஎம் பக்கம் இரண்டாவது டர்போ வேலைக்கு வரும்போது பூஸ்ட் 10 பிஎஸ்ஐயிலிருந்து 8க்கு இறங்கி மறுபடி 10க்கு ஏறும், அந்தச் சின்னத் தொய்வு இயல்பானது. இன்னொன்று ஃபியூயல் கட். எக்ஸாஸ்டைத் தாராளமானதாக மாற்றியபின் பூஸ்ட் அளவுக்கு மீறி ஏறினால் இன்ஜினைக் காப்பாற்ற ஈசியூவே (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலை நிறுத்திவிடும். ஒவ்வொரு முறையும் அதே பூஸ்டில் சுவரில் மோதினது போல வண்டி சட்டென்று அறுந்து நின்றால் அது இதுதான். சரிசெய்ய வேண்டியது ஏறுகிற பூஸ்டை. அந்தக் கட்டை ஏமாற்றும் பெட்டிகளை வாங்கி மாட்டாதீர்கள்.

இரண்டாம் படி: பிளக்கைக் கழற்றிப் படிப்பது

இன்ஜின் ஆறட்டும், ரோட்டரைச் சுற்றியுள்ள ஹவுசிங் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். கழற்றிய நான்கையும் முன் ரோட்டர் லீடிங், முன் டிரெய்லிங், பின் லீடிங், பின் டிரெய்லிங் என்று வரிசையாக ஒரு துணியில் வையுங்கள். கலந்துவிட்டால் பார்த்ததில் பயனே இல்லை.

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரோட்டரி கொஞ்சம் ஆயிலையும் சேர்த்து எரிக்கும் இன்ஜின், அதனால் லேசான கருமை இருக்கத்தான் செய்யும், அதற்காகப் பயப்படாதீர்கள். பார்க்க வேண்டியது ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம். ஒரு ரோட்டரின் இரண்டு பிளக்கும் நனைந்து பெட்ரோல் வாடை அடிக்கிறது, மற்ற ரோட்டரில் இரண்டும் காய்ந்திருக்கிறது என்றால் நனைந்த பக்கம் எரியவே இல்லை: லீடிங் ஸ்பார்க் இல்லை, அல்லது இன்ஜெக்டர் ஒழுகுகிறது, அல்லது கம்ப்ரெஷன் இல்லை. டிரெய்லிங் ஒன்று மட்டும் கரி பிடித்திருந்தால் அதன் காயிலையும் வயரையும் பாருங்கள். பீங்கான் வெளுத்து, அதில் பொடிப்பொடியாகப் பளபளப்பான புள்ளிகள் தெரிந்தால் இன்ஜின் ஏற்கனவே நாக் ஆகியிருக்கிறது; வண்டியை ஓட்டுவதை அன்றே நிறுத்திவிட்டு நேராகப் பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் படிக்குப் போங்கள்.

ஃபேக்டரி பிளக் லீடிங்குக்கு என்ஜிகே பியுஆர்7இக்யூ, டிரெய்லிங்குக்கு பியுஆர்9இக்யூ. திரும்பப் போடும்போது வயர்களில் கவனம் வேண்டும். டிரெய்லிங் வயர்கள் இரண்டும் இடம் மாறினால் தவறான நேரத்தில் ஸ்பார்க் அடித்து இன்ஜினையே கெடுக்கும். கழற்றும் முன்பே ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எழுதிக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: டைமிங் லைட்

பிளக் வயரில் ஸ்பார்க் போகும் ஒவ்வொரு முறையும் மினுக்கும் விளக்கு இது. என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ள கருவி கிடையாது. அதன் கிளிப்பை ஒரு பிளக் வயரில் மாட்டி, இன்ஜினை மிஸ் அடிக்கும் நிலையிலேயே ஓடவிட்டு, விளக்கு மினுக்குவதைப் பாருங்கள். கூடவே காதில் இன்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இன்ஜின் உதறுகிற அதே நொடியில் மினுக்கலும் விட்டுப்போகிறது என்றால் கோளாறு ஸ்பார்க் பக்கம்தான். இன்ஜின் உதறும்போதும் மினுக்கல் ஒரே சீராக இருக்கிறது என்றால் காயில் தன் வேலையைச் செய்கிறது, பிளக்கும் நன்றாக இருந்தால் நீங்கள் பெட்ரோல் பக்கம் போகலாம். நான்கு வயரிலும் மாட்டிப் பாருங்கள்.

நான்கிலும் ஒரே சமயத்தில் விட்டுப்போனால் காயில் காரணமாக இருக்காது. கிராங்க் ஆங்கிள் சென்சார், அதன் வயரிங், இக்னைட்டருக்கு (காயில்களை இயக்கும் மின்பெட்டி) வரும் கரண்ட், எர்த் என்று மேலே தேட வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் அந்த வயரை மாற்றிப் பாருங்கள், பிறகு காயில்.

ஐட்லிங்கில் ஸ்பார்க் நன்றாக இருந்தால் பூஸ்டிலும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உள்ளே அழுத்தம் கூடக்கூட அந்த இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. வயதான காயில் வெறும் ஐட்லிங்கில் அழகாக அடித்துவிட்டுப் பூஸ்டில் திணறும். புது பிளக் போட்டதும் பூஸ்ட் மிஸ்ஸிங் போய், கொஞ்ச நாளில் திரும்ப வந்தால் சந்தேகம் காயில் மேல்தான்.

நான்காம் படி: பெட்ரோல் அழுத்தம்

தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் இந்தப் படியைத் தொடவே கூடாது. எஃப்டியில் ஃபியூயல் பல்சேஷன் டாம்பர் (பெட்ரோல் லைனில் அழுத்த அதிர்வைத் தணிக்கும் பாகம்) ஒழுகித் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், மிஸ்ஸிங் காத்திருக்கட்டும்.

லைனில் ஒரு கேஜைச் சேர்த்து, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் 40 பிஎஸ்ஐயை ஒட்டி இருக்க வேண்டும். ஹோஸை மாட்டியபின் பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு இதுவும் ஏற வேண்டும். அதாவது 10 பிஎஸ்ஐ பூஸ்டில் 50 பக்கம். ஏறாமல் நின்றாலோ, ஏறிவிட்டு விழுந்தாலோ ஃபில்டர், பம்ப், பம்புக்குப் போகும் கரண்ட், இந்த வரிசையில் பாருங்கள். லோடு குறைவாக இருக்கும்போது பம்ப் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக ஓடும், லோடு ஏறினால் ரிலே அதற்கு முழு வோல்டேஜ் கொடுக்க வேண்டும். அந்த ரிலே கெட்டுப்போனால் நல்ல பம்பும் பூஸ்டில் பட்டினி போடும். பூஸ்டில் அளக்கும் வேலையை டைனோவிலோ (வண்டியை நிறுத்தி உருளையில் ஓட்டிச் சோதிக்கும் கருவி) மூடிய டிராக்கிலோ மட்டும் செய்யுங்கள், அழுத்தம் விழுவதைப் பார்த்த அந்தக் கணமே காலை எடுத்துவிட வேண்டும்.

அழுத்தம் சரியாக இருந்தால் இன்ஜெக்டர். இந்த இன்ஜினில் இன்ஜெக்டர் கனெக்டர்கள் சூட்டில் வெந்து, தொட்டாலே உடையும் நிலையில் இருப்பது சகஜம், எனவே இன்ஜெக்டரைக் குறைசொல்லும் முன் கனெக்டரை அசைத்துப் பாருங்கள். சிக்னல் வருகிறதா என்று கனெக்டரில் செருகும் சின்ன சோதனை விளக்கான நாய்ட் லைட் காட்டிவிடும். சிக்னல் வந்தும் அந்த ரோட்டர் வேலை செய்யவில்லை என்றால் நான்கையும் கழற்றிச் சுத்தம் செய்து அளவு பார்க்கக் கொடுங்கள்.

வைட்பேண்ட் மீட்டர் (எக்ஸாஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் காட்டுவது) வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்பார்க் அடிக்காமல் மிஸ் ஆனாலும் மீட்டர் லீன் (பெட்ரோல் குறைவு) என்றுதான் காட்டும், ஏனென்றால் எரியாமல் வெளியேறிய ஆக்ஸிஜனைத்தான் அது பார்க்கிறது. அதை நம்பி ஈசியூவின் மேப்பில் (பெட்ரோல் அளவு அட்டவணை) பெட்ரோலைக் கூட்டினால் பிளக் இன்னும் நனையும், மிஸ்ஸிங் இன்னும் கூடும். டைமிங் லைட் படியைப் பெட்ரோலுக்கு முன்னால் வைத்ததற்கு இதுதான் காரணம்.

ஐந்தாம் படி: கம்ப்ரெஷன்

சூடானபின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிற வண்டி என்றால் இதையே முதலில் செய்யுங்கள். ரோட்டருக்கு மூன்று முகம், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர்தான் சரியான கருவி. 250 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு முகமும் குறைந்தது 6 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்ட வேண்டும், முகங்களுக்கு இடையில் 1.5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் கூடாது. அந்த டெஸ்டர் கிடைக்கவில்லையா, சாதாரண கேஜின் வால்வைக் கழற்றிவிட்டு, ஈஜிஐ (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துக் கிராங்க் பண்ணுங்கள். முள் மூன்று முறை சமமாகத் துள்ள வேண்டும். ஒரு துள்ளல் மட்டும் தொடர்ந்து சின்னதாக இருந்தால் அந்த முகத்தின் சீல் போயிருக்கிறது, பிளக்கோ காயிலோ அதைச் சரிசெய்யாது.

காரணம் கிடைத்துச் சரிசெய்த பிறகும் நேராக முழு பூஸ்டுக்குப் போகாதீர்கள். புது பிளக் போட்டு, முதல் படியில் தாளில் எழுதிய அதே நிலைமைகளைப் பாதி மிதியில் வரிசையாகச் செய்து பாருங்கள், பிறகு நான்கு பிளக்கையும் மறுபடி கழற்றி அதே வரிசையில் வையுங்கள். நான்கும் ஒரே மாதிரி காய்ந்திருந்து, பெட்ரோல் அழுத்தமும் பூஸ்டோடு சேர்ந்தே ஏறினால், அப்போது முழுதாக மிதிக்கலாம்.