கணினி அரசனைப் படிப்பது எப்படி

வெள்ளவத்தையில் மழை பிடித்த ஞாயிறுகளில் நானும் தம்பியும் குரூசேடர் கிங்ஸ் 3 என்ற, இடைக்கால அரசனாக நாடாளும் கணினி விளையாட்டை ஆடுகிறோம். அயல்நாட்டுக் கணினி அரசனின், அதாவது கணினியே இயக்கும் அரசனின், படையை எண்ணுவதிலேயே தம்பி நேரத்தைச் செலவிடுவான். முதலில் அந்த அரசனின் குணத்தைப் படியுங்கள் என்பதே என் வாதம்.

அரசனின் படத்தைச் சொடுக்கினால் குணப்பண்புகள் தெரியும். துணிவு, பேராசை, மானம், பழிவாங்கும் உணர்வு போன்ற மறைவான அளவுகளை அவைதான் ஏற்றி இறக்குகின்றன. துணிச்சல்காரன் பிறர் தயங்கும் போரிலும் இறங்குவான். பழியுணர்வுள்ளவனை அவமதித்தால் பல வருடம் கழித்தும் சதி வரும். ஆகவே அவனோடு பகைக்கும் முன் உங்கள் ஒற்றர் தலைவரை மாற்றுங்கள். திறமையும் விசுவாசமும் இரண்டும் வேண்டும்.

அடுத்தது வாரிசுரிமை. ஆட்டத்தை 867ஆம் ஆண்டில் தொடங்கினால் பெரும்பாலான அரசுகள் பிள்ளைகளுக்குள் பங்கிடப்படும். கணினி அரசன் எவ்வளவு வென்றாலும், நான்கு மகன்கள் இருந்தால் அவன் மரணத்தோடு நாடு சிதறும். அந்த நாளுக்காகப் பணம் சேர்த்துக் காத்திருங்கள். என் சிறந்த வெற்றிகள் எல்லாம் இப்படிக் காத்திருந்து பெற்றவை.

கணினி அரசனுக்கு எதிராக அவனுடைய சிற்றரசர்கள் சேர்க்கும் அணிகளையும் கவனியுங்கள். அவர்களின் அதிருப்தி 100ஐத் தொட்டதும் இறுதிக் கோரிக்கை வரும். அரசன் மறுத்தால் உள்நாட்டுப் போர். படை உள்ளே சிக்கியிருக்கும் அந்த மாதங்களில் எல்லையைத் தாண்டுங்கள்.

இலங்கையும் வரைபடத்தில் இருக்கிறது. முதலாம் விஜயபாகு 1070இல் சோழரை வெளியேற்றிய வரலாறு தெரிந்தவர்கள், 1066இல் தொடங்கி ஒருமுறை தெற்கைப் பாருங்கள்.