லாரியில போற கத்தரிக்காயும் என் இடுப்பளவும்

எங்க வீடு தென்காசிப் பக்கம் புளியரையில, கேரளா போற ரோட்டு மேலேயே. பாவூர்சத்திரம் சந்தையில ஏத்துன கத்தரிக்காயும் வெண்டைக்காயும் ராத்திரி எங்க வாசல் வழியாத்தான் மலையேறி கேரளாப் பக்கம் ஆரியங்காவுக்குப் போகும். தெருவுல நிக்காது. நிக்கிறதெல்லாம் பரோட்டா, பழம்பொரி, நேந்திரங்காய் சிப்ஸ். இடுப்பளவு 94 செ.மீ. வந்ததும் "தெருவே சரியில்ல"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அதுல பாதிதான் நெசம், மிச்சப் பாதி நான்தான். உங்க பாதி எதுன்னு தெரியணும்னா இப்படிச் செய்ங்க.

முதல்ல டேப். மூச்ச வெளிய விட்டுட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல சுத்துங்க. பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 தாண்டக் கூடாது. வயித்த எக்காதீங்க (நான் ரெண்டு தடவ எக்கினேன்). 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல நூறு பெண்கள்ல சுமார் 40 பேருக்கு எடை அதிகம். கேரளாவுல 38, நாடு முழுக்க 24. மலைக்கு ரெண்டு பக்கமும் ஒரே கததான்.

பெறகு, நீங்க வேலை முடிஞ்சு வர்ற நேரத்துல வாசல்ல இருந்து ரெண்டு பக்கமும் ஐநூறு எட்டு நடங்க. காலையில நடந்தா கணக்கு தப்பும். எனக்கு எண்ணெய்ப் பலகாரக் கடை ஏழு வந்துச்சு, காய்கறிக் கடை ஒண்ணு. அதையும் ஆறு மணிக்குச் சாத்திருவாங்க. நான் பஸ்ஸ விட்டு இறங்குறது ஆறே முக்கால். 2016ல கேரள அரசு பெரிய பிராண்டு கடை பீட்சா, பர்கருக்கு 14.5 சதவீதம் வரி போட்டப்பவும் பழம்பொரிக்கு யாரும் வரி போடல.

அடுத்து, ஒரு மாசத்துக் கடைத் துண்டுச்சீட்டையெல்லாம் சேத்து வைங்க. இங்கதான் மாட்டிக்கிட்டேன். சனிக்கிழம தென்காசி போறேன், கீரை கண்ணு முன்னாலயே கெடக்கு. கையில வந்தது கால் கிலோ சிப்ஸ். நூறு கிராமுக்கே ஐநூறு கலோரிக்கு மேல! அமெரிக்காவுல 2019ல வந்த ஒரு ஆய்வும் இதத்தான் சொல்லுது: ஏழைங்களுக்கும் வசதியானவங்களுக்கும் ஒரே சரக்கு, ஒரே விலை கெடைச்சாலும் வாங்குற சாப்பாட்டுத் தரத்துல உள்ள வித்தியாசம் பத்துல ஒரு பங்குதான் குறையுமாம். மிச்சமெல்லாம் வாங்குறவங்க விருப்பத்தால வர்றது.

தெருவோட பாதிக்கு, வாரம் தாங்குற பூசணி, சேனை, சேம்ப சனிக்கிழமையே வாங்கிப் போட்டுட்டேன். என் பாதிக்கு, சிப்ஸ விடல. பாக்கெட்ட விட்டுட்டு எடை போட்டுக் கேக்குறேன், அம்பது கிராம்.

"அம்பதா? கிளிக்கா, அக்கா?"ன்னாரு கடைக்காரரு.

"ஆமா, கிளிக்குத்தான்"னேன்.